முன்பின் தெரியாதவர்

"அடிச்சுச் சொல்றேன், இது எதிர்க்கடைக்காரன் வேலைதான்!"

ஸ்டுடியோக்காரர் மேசையில் ஓங்கித் தட்டினார். கம்ப்யூட்டர் திரையில் கல்யாணப் படங்கள் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. நடுவில் சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல்: பணம் அனுப்பினால்தான் பூட்டு திறக்கும்.

"அவர் எதுக்குங்க நமக்கு வைரஸ் அனுப்பணும்?" என்றாள் மனைவி.

"இந்தக் கல்யாண ஆர்டர் அவனுக்குப் போக வேண்டியது. நமக்கு வந்துடுச்சில்ல, அந்த வயித்தெரிச்சல்! சாயங்காலம் பொண்ணோட அப்பா படம் பார்க்க வர்றார். அவர்கிட்ட என்னன்னு சொல்ல? இன்னொரு தடவை கல்யாணம் வைங்கன்னா?"

"கேமரா கார்டுல இருக்குமே?"

"அதை நேத்தே அழிச்சுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் தன் பழைய லேப்டாப்பைத் திறந்தாள்.

"அழிச்ச படத்தைத் தோண்டி எடுக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்குங்க. இலவசம். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா பார்க்கலாம். அப்படித் திறந்தே வெச்சிருக்காங்க."

"திறந்த வீட்டுக்குள்ள திருடன் நுழைய மாட்டானா? ஓசியில கொடுக்கிறவன் வேற எதையோ உருவத்தான் கொடுப்பான்."

"திறந்திருக்கிறது வீடு இல்ல, சமையல்கட்டு. ஊரே பார்க்கச் சமைக்கிறவன் சொத்தைக் காயைப் போட முடியுமா?"

அவர் மறுத்துத் தலையாட்டினார். அதற்குள் அவள், ஸ்டுடியோ பெயர் போட்ட ஃபோல்டர்களோடு அந்தக் கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்து, அந்த சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் பக்கத்தில் போட்டுவிட்டாள். உதவி வேண்டும் என்று இரண்டே வரி.

அவர் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. அனுப்பியவர் பெயர், 'ஆந்தை'.

'அந்தக் கார்டுல இனி ஒரு படம்கூட எடுக்காதீங்க. வைரஸ் வந்த கம்ப்யூட்டர்ல அதைச் செருகவே செருகாதீங்க. முதல்ல அந்தக் கம்ப்யூட்டரோட நெட் ஒயரைப் பிடுங்குங்க.'

"ஆரம்பிச்சுட்டான் பாரு. முன்பின் தெரியாதவன்! அடுத்தது பாஸ்வேர்டு கேட்பான்."

கேட்கவில்லை.

'பாஸ்வேர்டு எதையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும்தான். நான் வழி மட்டும் சொல்றேன், கை உங்களோடதா இருக்கட்டும். கார்டை முழுசா ஒரு நகல் எடுங்க. நகல்ல தேடுவோம். நாம தப்புப் பண்ணினாலும் அசல் பிழைச்சுக்கும்.'

ஸ்டுடியோக்காரர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, நாற்காலியை லேப்டாப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நகல் நத்தைபோல நகர்ந்தது. அவர் பொறுக்கமாட்டாமல் வெளியே பார்த்தார். எதிர் ஸ்டுடியோவில் அதன் முதலாளி கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். படம் எடுக்க வந்த ஒருவரை, தலையைக்கூட நிமிர்த்தாமல் கையை ஆட்டித் திருப்பி அனுப்பினான்.

"கொழுப்பைப் பாரு! வந்த வாடிக்கையாளரை விரட்டறான். இனி எல்லா ஆர்டரும் தன் மடியில வந்து விழும்கிற தெம்பு!"

லேப்டாப் 'டிங்' என்றது.

'கடைசியா அந்தக் கம்ப்யூட்டர்ல புதுசா என்ன போட்டீங்க? டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி மறைக்காம சொல்லுங்க.'

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆல்பம் சாஃப்ட்வேர்... விலை ஜாஸ்தின்னு, ஃப்ரெண்டு ஒருத்தன் பூட்டை உடைச்ச காப்பி கொடுத்தான்."

"அப்ப திருடனை வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சதே நீங்கதானா? பாவம், இவ்வளவு நேரம் எதிர்க்கடைக்காரரைத் திட்டினீங்க!"

அவள் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள். திட்டு வரும் என்று அவர் எதிர்பார்த்தார்.

'விடுங்க. நானும் அப்படி ஒரு தடவை சூடு பட்டவன்தான். இப்ப தேடலைத் தொடங்குங்க.'

முதலில் ஒரு படம் வந்தது. பாதிதான். கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல். ஸ்டுடியோக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்னங்க! கண்ணைத் திறங்க!"

மணப்பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்து மாப்பிள்ளை. அடுத்து நாற்காலியிலேயே தூங்கிப்போன குழந்தை. அப்புறம் மடை திறந்ததுபோல் படங்கள் கொட்டத் தொடங்கின. மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வந்த பெண்ணின் அப்பா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "என் பொண்ணு இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லைங்க" என்று மட்டும் சொல்லி, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஸ்டுடியோக்காரர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தானே தட்டினார்.

'ஐயா, நீங்க யாரோ எவரோ. என் மானத்தைக் காப்பாத்தினீங்க. எப்பவாவது எங்க ஊர்ப் பக்கம் வந்தா, குடும்பத்தோட நம்ம ஸ்டுடியோவுக்கு வாங்க. என் கையால ஒரு படம் எடுத்துத் தர்றேன்.'

உடனே பதில் வந்தது.

'இப்பவே வர்றோம். ஆனா அதுக்கு முன்னால உங்க கண்ணாடிக் கதவுல, "எதிரில் உள்ள போலியைக் கண்டு ஏமாறாதீர்"னு ஒட்டியிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் கிழிச்சுடுங்க. தினமும் காலையில கடையைத் திறந்தா, அதுலதான் முதல்ல என் கண்ணு விழுது!'