கொல்லைப்புறத்தில் ஒரு விசாரணை

ஸ்ரீரங்கத்தில் பெண் பார்த்தாயிற்று, பிடித்தும் விட்டது. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது பெண்ணின் அப்பா சடகோபன், "மாப்பிள்ளையோட தனியா ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மணவாளனைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார்.

அறுபத்துமூன்றாம் வருஷம் முழுக்கக் கம்பெனி வேலையாக டோக்கியோவில் இருந்துவிட்டு வந்தவன் மணவாளன்.

"ஜப்பான்ல சாப்பாட்டுக்கு என்ன பண்ணினேள்?"

"நானே சமைச்சுண்டேன். தயிர் சாதம், ஊறுகாய்."

"சாதத்து மேல பச்சை மீனை வெச்சு சுஷின்னு தருவாளாமே?"

"ஐயையோ! அந்தக் கடைப் பக்கமே போனதில்லை."

"நிஜமா?"

"பெருமாள் சத்தியமா!"

சடகோபனின் முகம் தொங்கிப்போயிற்று. சம்பந்தம் போச்சு என்றே நினைத்தான் மணவாளன்.

அவர் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் ஆபீஸ்ல என்னையும் டோக்கியோவுக்கு அனுப்பினா. சுஷிக்கு ஒரு கடையும் சரியா அமையலை. அடுத்த மாசம் மறுபடி போறேன். உங்களுக்கு நல்ல கடையா நாலு தெரிஞ்சிருக்கும்னு ஆசையா இருந்தேன்."

இப்போது மணவாளன் கூடத்தை எட்டிப் பார்த்தான்.

"பேனா இருக்கா, மாமா?"