சால்கான்டாய் வழியே

"லாரெஸ் வழியா போலாங்க்கா. பனி கிடையாது, குளிக்க வெந்நீர் ஊத்து வேற. அதுவும் மச்சு பிச்சுவுக்குத்தான போகுது?" என்றான் வழிகாட்டி வில்பெர்ட்.

"நீ போய்க் குளிடா. நான் சால்கான்டாய்க் கணவாய் வழிதான்," என்றாள் சமையல்காரி பசிலியா.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கணவாய்ப் பனியில்தான் கழுதைக்காரன் எவுசேபியோ, அவள் கணவன், தொலைந்துபோனான். லாரெஸ் வழி அவனுக்குப் பழக்கமில்லை.

உச்சியில் கழுதையை நிறுத்தி, முதுகுமூட்டையை இறக்கிவைத்துவிட்டு, மலைக்கு மூன்று கோக்கா இலைகளைப் படைக்கப் போனாள். திரும்பியபோது பனியில் அவள் காலடிகள் மட்டுமே இருந்தன. கழுதைமேல் அவள் தளர்த்திக் கட்டியிருந்த சுமைக்கயிறு, எவுசேபியோ மட்டுமே போடும் இடக்கை முடிச்சோடு இறுகியிருந்தது.

"நான் கட்டுறதைக் குறை சொல்லலன்னா உனக்குத் தூக்கம் வராதே," என்று சிரித்தாள்.

மூட்டையைத் தூக்கினாள். கனமே இல்லை. அதிலிருந்த சூப்புப் பானை கழுதையின் முதுகில் கட்டப்பட்டிருந்தது.