தலைவருக்கு மட்டும் ஒண்ணா?

"என் மச்சினனுக்கு ரெண்டு, எனக்கு மட்டும் ஒண்ணா?" ஷிரே ஆற்றோர ஊரின் தலைவர் கலிலோம்பே மேசையில் ஓங்கித் தட்டினார்.

தமாண்டா கையுறையைக் கழற்றினாள். "அது வந்து, தலைவரே..."

"சம்போ மீன் விக்கிறவளுக்குக்கூட ரெண்டு! எனக்கும் ரெண்டு வரணும் நர்ஸம்மா. இல்லேன்னா இந்த ஊர்ல இனிமே ஒருத்தனும் உங்கிட்ட விரலை நீட்ட மாட்டான்."

"ஐயோ, இது மலேரியா சோதனை தலைவரே! அட்டையில ஒரு கோடு விழுந்தா உங்களுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு விழுந்தாத்தான் மலேரியா."

தலைவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீக்காளிக்கு ரெண்டு, நல்லா இருக்கிறவனுக்கு ஒண்ணா? எந்த மடையன் இதைச் செஞ்சான்?"

"விசாரிச்சுச் சொல்றேன் தலைவரே" என்றாள், நாலு வருஷம் ராப்பகலாக உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்த தமாண்டா.