அணில் சொன்ன குறை

கரட்டு அடிவாரத்தில் ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தது. தினமும் மதியம் பக்கத்து மரத்து அணிலைச் சாப்பிடக் கூப்பிடும். வெள்ளரிக்காயையும் முள்ளங்கியையும் நறுக்கி, உப்புகூடப் போடாமல் அப்படியே இலையில் வைக்கும். "ரொம்ப நல்லாயிருக்கு அண்ணே" என்று அணில் சொல்லும். அந்த ஒரு வார்த்தையிலேயே முள்ளம்பன்றிக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒருநாள் கிழங்கு தோண்டப் போனபோது, புதருக்குப் பின்னால் வெள்ளரித் துண்டுகள் வாடிக் குவிந்து கிடப்பதைப் பார்த்தது. எல்லாம் அது நறுக்கி வைத்தவைதான். முள்ளம்பன்றிக்கு முகம் சுண்டிப்போயிற்று. இனி அந்த அணிலைக் கூப்பிடுவதே இல்லை என்று கருவிக்கொண்டு வீடு திரும்பி, தன் பங்கை ஒரு வாய் எடுத்துப் போட்டது. மென்றது. மென்றுகொண்டே இருந்தது. உப்புமில்லை, உறைப்புமில்லை; உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் அதே காய்களோடு மாங்காயைக் கீறிப் போட்டது. வறுத்த வேர்க்கடலையை நுணுக்கித் தூவியது. பச்சை மிளகாய் அரிந்து, உப்புச் சேர்த்து, எலுமிச்சம்பழமும் பிழிந்தது. புதரைப் பற்றி வாயே திறக்காமல், "வா தம்பி, உட்காரு" என்றது.

ஒரு வாய் தின்றதும் அணிலுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"மிளகாய் கொஞ்சம் கூடிப்போச்சு அண்ணே. மாங்காயும் இத்தனை போட்டா பத்தாது" என்று சொல்லிக்கொண்டே இலையை வழித்தது.

முள்ளம்பன்றி தன் இலையில் இருந்ததையும் அதன் பக்கம் தள்ளி வைத்தது.

"வேற என்ன குறை, சொல்லு" என்று கேட்டது.