காரைத் தூங்கவிடாத புரோகிராம்

தவமணி தன் மின்சாரக் காரின் சார்ஜ் விவரத்தை எடுக்க, பொழுதுபோக்காக ஒரு குட்டி புரோகிராம் எழுதினாள். அதற்கோ ஆர்வம் தாங்கவில்லை. நிழலில் தூங்கிய காரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பியது.

“எவ்வளவு சார்ஜ் இருக்கு?”

“நாப்பது சதவீதம். சாயங்காலம் தவமணியை ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடணும். கொஞ்சம் தூங்க விடேன்.”

நாற்பது முப்பதாகக் குறைந்தது.

“நிக்கிற வண்டியில எப்படிக் குறையுது?” என்று வியந்தது புரோகிராம்.

“நீ எழுப்புறப்பல்லாம் கொஞ்சம் குறையுது,” என்றது கார்.

“அப்படியா! ஒரு தடவைக்கு எவ்வளவு? இரு, பத்து நொடிக்கு ஒருக்கா கேட்டுப் பாக்கிறேன்.”

மாலையில் தவமணி பெட்டியோடு வந்தாள். புரோகிராம் பெருமையாக நீட்டிய பட்டியலில் எல்லா எண்களும் மிகச் சரியாக இருந்தன. கடைசி எண் பூஜ்யம்.