மூன்று பேருக்குத் தெரிந்தது

“எழுந்திரிங்க! மூச்சு விடுங்க! ஐயோ, மூச்சு விடுங்க!”

அவள் கணவரின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினாள். தொண்டைக்குள் ஏதோ கிழிவதுபோன்ற சத்தத்தோடு அவர் எழுந்து உட்கார்ந்தார். கண்கள் பிதுங்கியிருந்தன. வலது கால் தரையைத் தேடி ஓங்கி மிதித்தது. பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

“நான்தாங்க. வீட்லதான் இருக்கீங்க. பகல் மணி பத்தரை.”

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இதயம் தறிகெட்டு அடித்தது. “யாரோ தண்ணிக்குள்ள பிடிச்சு அமுக்கின மாதிரி இருந்துச்சுடி. செத்தேன்னே நினைச்சேன்.”

இருபத்திரண்டு வருடமாக இரவு பஸ் ஓட்டுபவர். பகலில்தான் தூக்கம். பதினொரு மாதமாக அந்தத் தூக்கமும் இப்படித்தான். குறட்டை ஏறிக்கொண்டே போகும், சட்டென்று அறுந்துவிடும். அப்புறம் மூச்சே இருக்காது. கட்டிலருகே உட்கார்ந்து அவள் மனதுக்குள் எண்ணுவாள். இருபதைத் தாண்டினால் உலுக்குவாள்.

“டாக்டர்கிட்ட போயிடலாம்டி.”

“போனா எழுதிடுவார். ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டு அனுப்பிடுவாங்க. இந்தக் குவார்ட்டர்ஸும் போயிடும். பொண்ணுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நான் காவல் இருக்கேன். நீங்க வாயைத் திறக்காதீங்க.”

“ஓட்டும்போது கண்ணைச் சொக்குது.”

“முகத்தைக் கழுவிக்குங்க. விசில்கிட்ட பேச்சுக் கொடுத்துக்கிட்டே ஓட்டுங்க.”

விசில் அவரோடு போகும் கண்டக்டர். ஊதல் இல்லாமலேயே காது கிழியச் சீழ்க்கை அடிப்பதால் வந்த பெயர். இந்த வீட்டில் கை நனைக்காத வாரம் கிடையாது. பஸ் போய் நிற்கும் ஊரின் ஓய்வறையில் அவர் திணறி எழுந்ததை அவனும் ஒருமுறை பார்த்திருக்கிறான். ஆக, விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

அடுத்த மாதம் டிப்போ மேலாளருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. அன்றைக்கே அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி டயர் கிடங்கில் உட்காரவைத்தார்கள். தூக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் தள்ளித் தேதியும் வாங்கிக் கொடுத்தார்கள்.

அவள் கொதித்தாள். “உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டானே அந்த விசில்! எழுதின கை விளங்குமா? புழுத்துப் போகும், பாருங்க!”

தட்டிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை. “அவன் இல்லடி. அவனைத் திட்டாதே.”

“பின்னே நானா எழுதினேன்? உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?”

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சோதனைக்கு இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு அவர் சற்றுக் கண்ணயர்ந்தார். அவளும் வழக்கம்போலக் கட்டிலருகே உட்கார்ந்தாள். குறட்டை ஏறியதும் கேட்டது, அறுந்ததும் கேட்டது. எண்ண ஆரம்பித்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக இமைக்காத கண்கள் எந்த எண்ணில் மூடின என்று அவளுக்குத் தெரியவில்லை.

விழித்தபோது அறை அமைதியாக இருந்தது. உலுக்கினாள். உலுக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

தான் தூங்கிப்போனதை நினைக்காமலிருக்க அவளுக்கு ஓர் எதிரி வேண்டியிருந்தது. விசில் கை நிறையப் பூவோடு வாசலுக்கு வந்தான்.

“உள்ளே காலை வைக்காதே! எழுதிக் கொன்னுட்டு இப்போ பூவோட வர்றியா?”

“அக்கா, நான் எதுவும்...”

“உன் வாயால அக்கான்னு கூப்பிடாதே!”

அவன் பூவைப் படியில் வைத்துவிட்டுப் போனான். தெரு முனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பதினைந்து நாள் கழித்து, குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க டிப்போவுக்குப் போனாள்.

“சாவி இந்தாங்க சார். அந்தக் கடுதாசியை ஒரு தடவை என் கண்ணுல காட்டுங்க. அது அவன் எழுத்துதான்னு தெரிஞ்சா போதும். நேரா அவன் வாசல்ல போய் மண்ணை வாரித் தூத்திட்டு வந்துடுவேன்.”

“வேண்டாம்மா. பேர் போடாத கடுதாசி. பார்த்து என்ன ஆகப்போகுது?”

“என் புருஷன் உசுரு போயிருக்கு சார்.”

மேலாளர் பெருமூச்சு விட்டார். ஃபைலைப் பிரித்து ஒரு கோடு போட்ட தாளை எடுத்து நீட்டினார்.

‘ஐயா, இரவு பஸ் டிரைவருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது. சென்ற வியாழக்கிழமை விடியற்காலை பாலத்தில் வண்டி ஓடும்போதே கண் செருகிவிட்டது. முழித்துப் பார்த்தால் கைப்பிடிச் சுவர் ஒரு முழத்தில் நின்றது. உள்ளே நாற்பத்தொரு பேர். எல்லோரும் நல்ல தூக்கம். கண்டக்டரும் அசந்துபோயிருந்தான். இது ஒருவருக்கும் தெரியாது. அந்த டிரைவரை உடனே இறக்கிவிடுங்கள்.’

அவள் அதற்குமேல் படிக்கவில்லை. கல்யாணமான புதிதில், வண்டி போய் நிற்கும் ஊர்களிலிருந்தெல்லாம் வாராவாரம் அவளுக்குக் கடிதம் போட்ட அதே கையெழுத்து.