எண்ணெய் இல்லாமல் ஓடிய கார்

"கறக்... கறக்... கறக்."

வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் விருந்தாளிகள் மத்தியில் வேலையாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால், லோகன் அந்தச் சத்தத்தைத் தொண்டையிலிருந்து எடுத்துக் காட்டுவார். இரும்பை இரும்பு மெல்லுகிற சத்தம். கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

கிள்ளானை அடுத்த மேருவில், நாகையாவின் கார் பட்டறையில் அதை முதன்முதலாகக் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. நாகையா சாவியை ஒரே ஒரு தடவை திருப்பிவிட்டு உடனே அணைத்தார்.

"முடிஞ்சு போச்சு பாஸ்."

"என்ன முடிஞ்சு போச்சு? போன மாசம்தானே சர்வீஸ் பண்ணினே?"

"எஞ்சின்லா. ஆயில் பிரஷர் இல்லாம ஓடியிருக்கு. உள்ளே எல்லாம் உரசித் தேஞ்சு போச்சு."

லோகன் சுவரோரம் நின்ற அப்துல் ரஹீமைப் பார்த்தார். தொண்டியிலிருந்து வந்தவர். லோகனின் சாப்பாட்டுக் கடையில் வேலை என்று பெர்மிட். பாதி நாள் வீட்டுக் காரைத்தான் ஓட்டுவார். லோகனும் மனைவியும் பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சனிக்கிழமை, யாரையும் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு போய், கிள்ளான் டவுனில் படுக்க வைத்துவிட்டார்.

"நல்லா பாத்துச் சொல்லு நாகையா. காடியோட கோளாறுன்னா இவன் இருக்கட்டும். இவன் கோளாறுன்னா இன்னைக்கே பெர்மிட்டை கேன்சல் பண்ணிடுவேன்."

நாகையாவுக்கு ரஹீமைப் பிடிக்கும். கவனமாகவே தேடினார்.

"சில சமயம் ஆயில் பம்ப்பே படுத்துடும் பாஸ். அதுக்கு டிரைவர் என்ன பண்ணுவான்?"

காரைத் தூக்கி, அடியில் படுத்துக் கழற்றினார். பம்ப்பில் குறையில்லை. எண்ணெய் தேங்கும் தொட்டியின் அடியில்தான் விரல் நீளத்துக்கு வெடிப்பு.

"கல்லுல இடிச்சிருக்கு. ஆயில் எல்லாம் ஒழுகிடுச்சு."

"எங்க வீட்டு வாசல் கால்வாய்லதான். அவசரமா ரிவர்ஸ் எடுத்திருக்கான். சிமெண்டு பேந்து கிடக்கு."

"இடிச்சது தெரிஞ்சிருக்காது பாஸ். ஆயில் விளக்கு எரிஞ்சாத்தானே தெரியும். சுவிட்ச் கெட்டுப் போயிருந்தா எரியாதுல்ல."

நாகையா உள்ளே உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியைப் பாதி மட்டும் திருப்பினார். எண்ணெய்க் குடுவை போன்ற அந்தச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

தோளைச் சாய்த்து அதை மறைத்துக்கொண்டார்.

"தம்பி, அன்னைக்கு இது எரியலைதானே?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. ரஹீம் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"எரிஞ்சுச்சு அண்ணே. பாதி வழியிலேயே."

"பாத்தியா?" என்றார் லோகன்.

"பாத்தேன் பாஸ்."

"பாத்துட்டு?"

"நிறுத்தலை."

"ஏன்?"

"அவசர வேலை."

"ஊரு விட்டு ஊரு வந்தவனுக்கு என்னடா அவசரம்? பொம்பளை சமாச்சாரமா?"

நாகையா ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினார்.

லோகன் தன்னுடைய இன்னொரு காரிடம் போனார். உள்ளே மகள் ரோகிணி இருந்தாள். தோழி வீட்டில் தங்கியிருந்தவளை வரும் வழியில்தான் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"பாத்தியாம்மா, உங்க ரஹீம் அண்ணன் லட்சணத்தை? காடி கத்திக் கத்திச் சொல்லியிருக்கு, கண்டுக்கவே இல்லை. என் வீட்டுல ஒரு சின்னச் சத்தம் மாறினாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

"பரீட்சைக் காய்ச்சல்லா. ரெண்டு வேளை நல்லா சாப்பிட்டா சரியாப் போயிடும்."

ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்குப் போன் போட அவர் ரோட்டோரம் போனார். கார் கண்ணாடி மெல்ல இறங்கியது. ரஹீம் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் அப்பாகிட்ட சொல்லிடறேன் அண்ணே."

"என்னன்னு சொல்வீங்க?"

அவள் கண்ணாடி விளிம்பை விரலால் தேய்த்தாள்.

"வேணாம்மா. எனக்காகச் சொல்ல வேணாம். உங்களுக்கா எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க. வியாழக்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. அதை மட்டும் விட்டுடாதீங்க."

லோகன் போனை மடக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.

"நாளைக்குக் காலையில ஃபிளைட். துணியை எடுத்து வை."

"சரி பாஸ்."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் தனியாக இருந்த ரோகிணிக்குக் கடையிலிருந்து சாப்பாடு கொண்டுபோனவர் ரஹீம்தான். சாகத் துணிந்து, நினைவில்லாமல் கிடந்தவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு, கிள்ளான் ஆஸ்பத்திரி வாசல் வரை எங்கேயும் நிற்காமல் ஓட்டியவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து தோழி வீட்டுக்குப் போயிருந்த ரோகிணி, வியாழக்கிழமை டாக்டரிடம் போனாள். அதற்குப் பிறகும் பல வியாழக்கிழமைகள் போனாள். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்துல் ரஹீமுக்கு மறுபடி பெர்மிட் கிடைக்கவில்லை. தொண்டியில் மீன் பெட்டி சுமக்கிறார்.